ஆலடிப்புதூரில் கைகள் சாவதில்லை

இசக்கியம்மாளின் பாடையைத் தெருமுனையில் இறக்கி வைத்து, பெண்கள் கடைசியாக மூன்று சுற்று வந்தபோது, அவளுடைய மருமகள் உலகம்மாள் தன் சொந்தக் கைகளைக் கடைசி முறையாகப் பார்த்தாள். அவை மாமியாரின் நெஞ்சின்மேல், கட்டைவிரல்கள் இரண்டும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டப்பட்டு, சமர்த்தாகக் கிடந்தன. மீன் அரியும்போது அரிவாள்மணையில் பட்டுப் பிளந்த இடது ஆள்காட்டி விரல் நகம், கல்யாணமான புதிதில் அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்து விழுந்த தழும்பு, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. பிறகு தன் மணிக்கட்டுக்குக் கீழே பார்த்தாள். குட்டையான தடித்த விரல்களும் புறங்கையில் பச்சை குத்திய மூன்று புள்ளியுமாக மாமியாரின் கைகள் அங்கே இருந்தன. ஆண்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்குப் போனார்கள், பெண்கள் குளிக்கப் போனார்கள்.

இதற்கெல்லாம் ஆச்சரியப்பட ஆலடிப்புதூரில் ஆள் கிடையாது. எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுகிற அந்த வீட்டில் எத்தனையோ தலைமுறையாக நடக்கிற காரியம்தான்: கட்டுப்போடுகிறவள் இறந்தால், அவள் கைகளை வெந்நீரில் கழுவி, நல்லெண்ணெய் தடவி, கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுகிற பெண்ணுக்கு அந்தக் கைகள் வந்துவிடும், அவளுடைய கைகள் பிணத்தோடு போய் வெந்துபோகும். எந்த எலும்பு எங்கே ஒடிந்திருக்கிறது, எவ்வளவு இழுத்தால் பொருந்தும், முட்டை வெள்ளைக்கருவையும் உளுந்து மாவையும் எந்தப் பதத்தில் பூச வேண்டும், மூங்கில் பத்தையை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கைகளுக்கே தெரியும். ஏன் இப்படி என்று கேட்டால் ஊரில் யாருக்கும் சொல்லத் தெரியாது, கேட்டவரும் கிடையாது. அன்றைக்குக் கோயம்புத்தூரிலிருந்து விழுந்தடித்து வந்த சின்ன மருமகளும் செம்பும் கையுமாக நின்றாள்தான். உலகம்மாள் அவளை முழங்கையால் ஒதுக்கிவிட்டு முந்திக்கொண்டாள். அதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் அவள் அழுத அழுகையைப் பார்த்துவிட்டு, யாரோ அவள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அவள் ஆசைப்பட்டாள்.

ஆசைப்படாமல் என்ன செய்வாள்? வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து முப்பது வருஷம், முட்டை உடைப்பதும் மாவு சலிப்பதும் மூங்கில் பிளப்பதும் பழைய வேட்டி கிழிப்பதுமாக மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்களின் கையைக் காலை அவள் தொடப் போனால், கிணற்றில் விழுந்து இடுப்பு ஒடிந்து கிடப்பவன்கூட ஒரு முழம் நகர்ந்து, "நீ விடு தாயி, பெரிய கை வரட்டும்" என்பான். முப்பது வருஷத்தில் அவள் தானாக வைத்தியம் பார்த்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். அது அவள் பெற்ற மகள் பொன்மலர்.

பொன்மலருக்குப் பிறவியிலேயே எலும்பில் வலு கிடையாது. பிறந்து இரண்டாம் மாதம் துணி மாற்றும்போது தொடை எலும்பு ஒடிந்தது. இசக்கியம்மாள் வழக்கம்போலப் பிடித்து இழுத்தாள். பிள்ளை நீலம் பாய்ந்து, இன்னொரு இடத்திலும் ஒடிந்தது. இசக்கியம்மாள் கையை எடுத்துக்கொண்டு, "இது என் கைக்கு அடங்குத எலும்பு இல்ல. பெத்தவ நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவள் பொல்லாதவள் அல்ல, தன் கையை அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து உலகம்மாள் தானே கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. ஒரு தடவை இறுகக் கட்டி விரல் வீங்கியது, ஒரு தடவை தளரக் கட்டி எலும்பு விலகியது, ஒவ்வொரு தப்புக்கும் பிள்ளை வீறிட்டது, அவள் கூடவே அழுதாள். அழுது அழுதே தெரிந்துகொண்டாள்: இழுக்கக் கூடாது, அமுக்கவும் கூடாது, ஒடிந்த இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு விரலை வைத்துவிட்டு வெறுமனே காத்திருக்க வேண்டும், வெகு நேரம் கழித்து உள்ளேயிருந்து ஒரு சூடு மேலே வரும், அது வரும் திசையில் கட்டைவிரல் அகலம் நகர வேண்டும், மறுபடியும் காத்திருக்க வேண்டும். மூங்கில் பத்தை கனக்கிறது என்று காய்ந்த வாழைமட்டையை வைத்துக் கட்டினாள், காலையில் ஒரு தடவையும் பொழுது சாய ஒரு தடவையும் அவிழ்த்துக் கட்டினாள். பத்தொன்பது வருஷத்தில் இருபத்துமூன்று முறிவு. ஒன்றுகூடக் கோணவில்லை. பட்டணத்து ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்த டாக்டரம்மா, "யார் இதைச் செய்யறாங்களோ அவங்களையே செய்யச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார். பொன்மலர் ஆறு வயதில் நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள், இப்போது மினிபஸ்ஸில் ஏறிப் பக்கத்து ஊர் இ-சேவை மையத்துக்குப் போய் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறாள்.

இவ்வளவு தெரிந்தவளுக்கு அந்தக் கைகள் எதற்கு என்று கேட்கலாம். ஒரே ஒரு பிள்ளையின் எலும்பைத் தெரிந்துகொண்டதை ஆலடிப்புதூரில் யாரும் வித்தை என்று சொல்லவில்லை. உலகம்மாளும் சொல்லிக்கொள்ளவில்லை.

கைகள் வந்த பிறகு ஊர் அதை வெகு லேசாக எடுத்துக்கொண்டது. ரேஷன் கடை இயந்திரத்தில் உலகம்மாள் கட்டைவிரலை வைத்தால் இசக்கியம்மாள் பெயர் வந்தது. கடைக்காரர், "ஒரே கார்டுதானே மதினி, எந்த விரல் வந்தா என்ன, அரிசி ஒண்ணுதான்" என்று அளந்து போட்டார். கிராம நிர்வாக அலுவலர் இறப்பைப் பதிவு செய்யும்போது சற்று யோசித்துவிட்டு, பெயருக்குப் பக்கத்தில் 'கைகள் நீங்கலாக' என்று எழுதி முத்திரை குத்தினார். வளையல்காரர் உலகம்மாளின் அளவை மறந்து, இசக்கியம்மாளின் அளவிலேயே இரண்டு டஜன் கொண்டுவந்தார். அம்மன் கோயில் கொடை விழாவில் முதல் மாலையை அந்தக் கைகளுக்குச் சூட்டினார்கள், கழுத்துக்குப் போடவில்லை. எட்டு ஊரிலிருந்து வந்து காத்திருந்த கூட்டம், "பெரிய கை திரும்ப வந்துட்டு" என்று நிம்மதியாக மூச்சுவிட்டு, ஒடிந்த கையைக் காலை நீட்டிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தது.

முதல் ஒரு மாதம் உலகம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. எந்த முறிவு வந்தாலும் கைகள் பாட்டுக்குப் போய்ப் பிடித்தன, இழுத்தன, பொருத்தின, பூசின, கட்டின. முடிந்ததும் பத்தையின்மேல் இரண்டு தட்டுத் தட்டின, இசக்கியம்மாள் தட்டுகிற அதே தட்டு. முப்பது வருஷம் கேட்கக் கிடைக்காத கும்பிடெல்லாம் அவளுக்குக் கிடைத்தது. இரண்டாம் மாதம்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது. கைகள் வேலை செய்யும்போது அவளுக்குச் செய்ய எதுவும் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரில் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் கட்டு சுத்தமாக விழுந்தது. நேற்று வந்தவனின் தோள் எப்படி இருந்தது என்று இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. அவை எதையும் புதிதாகத் தெரிந்துகொள்ளவும் இல்லை, அவளுக்கு எதையும் சொல்லவும் இல்லை.

வீட்டுக்குள்ளும் அவை தங்கள் வழக்கத்தை விடவில்லை. குழம்பில் ஒரு கல் உப்பு கூடுதலாகப் போட்டன. புருஷன் கோமதிநாயகம் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். மத்தியானம் வந்து முதல் கவளம் வாயில் வைத்ததும் அவர் கண் கலங்கியது. பரிமாறிய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எம்மா" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கையை வேறு எதற்கும் பிடிக்கவில்லை. கட்டிலைத் தூக்கிக் கடைக்குள் போட்டுக்கொண்டார். உலகம்மாள் அவர் தலையைக் கோதலாம் என்று நீட்டினால், கை அவர் முதுகில் போய்த் தட்டிக்கொடுத்தது.

பொன்மலர் மட்டும் ஒரு நாள் தலை பின்னக் கொடுத்துவிட்டுப் பாதியிலேயே எழுந்துகொண்டாள். "எம்மா, இனி நானே பின்னிக்கிடுதேன். உன் கை என்னைப் பாக்க மாட்டேங்கு" என்றாள்.

பங்குனி மாதம் ஒரு காலை, மினிபஸ்ஸிலிருந்து இறங்கும்போது படி வழுக்கிப் பொன்மலர் விழுந்தாள். வலது முழங்காலுக்குக் கீழே ஒடிந்தது. கண்டக்டரும் இன்னொருவரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிவந்து, வரிசையில் இருந்தவர்களை ஒதுங்கச் சொல்லி, நடுவில் இறக்கினார்கள். ஏறக்குறைய நாற்பது பேர் இருந்தார்கள். ஒரு அம்மாள், "நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்களேன்" என்றாள்.

"என் பிள்ளை எலும்பு எனக்குத் தெரியாதா?" என்றாள் உலகம்மாள்.

பொன்மலர் வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தக் கைகளையே பார்த்தாள். "எம்மா, விரலை வச்சிட்டுச் சும்மா இரு. இழுத்திராத."

"இழுக்க மாட்டேன் பிள்ளே. கைதான் அத்தையோடது, புத்தி என்னோடதுதானே."

அவள் மனமாரத்தான் சொன்னாள். பத்தொன்பது வருஷம் கற்றது எல்லாம் தன் தலைக்குள் இருக்கிறது, கையை எங்கே வைக்கச் சொன்னாலும் அது வைக்கும் என்று நம்பினாள். முழங்காலுக்குக் கீழே இரண்டு விரலை வைத்தாள். காத்திரு என்று தனக்குத்தானே சொன்னாள். கைகள் காத்திருக்கவில்லை. கண் இமைக்கும் நேரத்தில் ஒன்று முழங்காலையும் ஒன்று கணுக்காலையும் பிடித்தன. "வேண்டாம், வேண்டாம்" என்று உலகம்மாள் கத்தினாள், முழங்கையை மடக்கிப் பின்னால் சாய்ந்தாள். கத்துவதைக் கேட்டுக் கடையிலிருந்து ஓடிவந்த கோமதிநாயகம் அவள் இடுப்பைப் பிடித்துத் தன் பலத்தை எல்லாம் கூட்டிப் பின்னால் இழுத்தார். கைகள் பிடியை விடவில்லை. அவர் இழுத்த இழுப்பும் மகளின் காலுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. மூன்று இடத்தில் ஒடிந்த சத்தம் வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. பொன்மலர் மயங்கிச் சாய்ந்த பிறகும் கைகள் நிதானமாக வெள்ளைக்கரு பூசி, பத்தை வைத்து, துணி சுற்றி, மேலே இரண்டு தட்டுத் தட்டின.

ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் இருந்தார்கள். கம்பி வைத்தார்கள், எடுத்தார்கள், மறுபடியும் வைத்தார்கள். கால் வளைந்து, குட்டையாகி, ஊன்ற முடியாததாகிவிட்டது. படம் பார்த்த பழைய டாக்டரம்மா, "இதை யார் செய்தாங்க?" என்று மட்டும் கேட்டார். உலகம்மாள் தன் கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

ஊர் இதையும் எடுத்துக்கொண்டது. "பெரிய கை தப்புச் செய்யாது, அந்தப் பிள்ளை எலும்பு அப்படி" என்றது. அவள் திரும்பிவந்த மறுநாளே வாசலில் வரிசை உட்கார்ந்திருந்தது, தோள் நழுவிய ஒருத்தியும் கால் பிசகிய ஒரு டிராக்டர் ஓட்டுநரும் அவளைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்கள். கைகள் முந்தானைக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டன. அந்தக் கைகளை ஆட்டுக்கல்லில் வைத்து நசுக்கிவிடலாமா என்றுகூட அவள் நினைத்தாள். நசுக்குவதற்கும் கை வேண்டுமே. அன்றைக்குக் கட்டியவை ஒன்றும் தப்பவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எல்லாருக்கும் நல்லது செய்கிற கை, எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே பிள்ளையை முடமாக்கிப்போட்டதே என்று குழாயடியில் நின்று வாய்விட்டு அழுதாள்.

பொன்மலர் அம்மாவிடம் கோபப்படவில்லை. ஆனால் அந்தக் கைகளைக் கிட்டே விடவில்லை. தண்ணீர் கொடுத்தால், "கீழ வை, எடுத்துக்கிடுதேன்" என்பாள். அப்பாதான் தூக்கினார், அப்பாதான் உட்காரவைத்தார்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு உலகம்மாள் கடைக்குப் போனாள். கோமதிநாயகம் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே, நிமிராமல் பேசினார்.

"எனக்கு ஏழு வயசு இருக்கும், எங்க ஆச்சி செத்துப்போனா. அதுவரைக்கும் எங்கம்மைக்கு நீளநீளமா விரல் உண்டு. சோத்தைப் பெசைஞ்சா உருண்டை சின்னதா, என் வாய்க்கு அளவா இருக்கும். மறுநா சோறு ஊட்டுன கை வேற கை. நான் வாயைத் தொறக்கல. அழுதேன். எல்லாரும் சிரிச்சாக. நாலு நாளு பட்டினி கெடந்துட்டு, அஞ்சாம் நா தின்னேன்."

உலகம்மாள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள். தான் முப்பது வருஷம் ஏங்கிய கை மாமியாருடையது அல்ல, மாமியாரின் மாமியாருடையதும் அல்ல, அது யாரோ ஒருத்தியுடையது; அதற்குப் பிறகு வந்தவள் எல்லாம் தன் கையைக் கொடுத்துவிட்டுப் பிள்ளை முகத்தைக்கூடத் தொட்டறியாமல் இருந்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்தது. இசக்கியம்மாள் மேல் அவளுக்கு அதுவரை வராத பிரியம் வந்தது.

"அத்தை உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்லுவா? எல்லாரும் கும்பிட்டாகளே" என்றார் கோமதிநாயகம்.

கார்த்திகையில் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மோர் குடித்தார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள், பிறகு ஊர்த் தலைவர் காளிராஜன் விஷயத்துக்கு வந்தார். "உலகம்மா, உனக்கும் சுகர் இருக்குன்னு கேள்விப்பட்டோம். நாளைக்கு ஒண்ணுன்னா அடுத்தது யாருன்னு இப்பமே பேசிக்கிடணும்லா. பொன்மலரு எங்கயும் போகப் போறதில்ல, ஒரே இடத்துல உக்காந்திருக்க பிள்ளை. அவளுக்கு வந்தா எல்லாத்துக்கும் தோது. அவளுக்கும் ஒரு மரியாதை."

"அவளுக்கு வேண்டாம் அண்ணாச்சி."

"அப்பம் கோயம்புத்தூர்ச் சின்னவளை வரச்சொல்லணும். யாருக்குமே வராமப் போச்சுன்னா, எட்டு ஊரு எங்க போகும்? யோசிச்சுப் பாரு."

அவர் சொன்னதில் தப்பில்லை. உலகம்மாளும் யோசித்துத்தான் பார்த்தாள். மரமேறி விழுகிறவர்கள், மாடு முட்டியவர்கள், குழந்தைகள், எல்லார் முகமும் வந்தன. அவர்கள் போன பிறகு மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில், கைக்கெட்டாத தூரமாகப் பார்த்துத் தரையில் உட்கார்ந்தாள்.

"கேட்டியா பிள்ளே?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்கு அந்தக் கை வந்தா, அடுத்தாப்ல என் எலும்பு ஒடிஞ்சா நானே பிடிச்சு இழுத்துக்கிடுவேன்லாம்மா."

"வராது. நான் செத்தா நீ என் பக்கத்துல வரப்படாது. என் கையை ஒருத்தரும் கழுவப்படாது, அப்படியே எரிச்சிரணும், அப்பாகிட்டயும் சொல்லிட்டேன். சித்தி வருவா, ஊரு வரும், ஆயிரம் பேசுவாக. நீ மட்டும் என்னைத் தொட்டுறாத. முகத்தைக்கூடத் தொடாத. சத்தியம் பண்ணு."

"சரிம்மா" என்றாள் பொன்மலர்.

உடனே சொன்னாள். ஒரு தடவையாவது மாட்டேன் என்பாள், அழுவாள், சமாதானப்படுத்த வேண்டியிருக்கும் என்று உலகம்மாள் எதிர்பார்த்திருந்தாள். கேட்டது கிடைத்த பிறகும் அவள் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். வெளியே வரிசையில் யாரோ இருமினார்கள்.

பொன்மலர் போர்வையை விலக்கினாள். வளைந்த காலை அம்மா பார்க்கும்படி நீட்டினாள். முழங்காலுக்குக் கீழே தன் இரண்டு விரலை வைத்தாள், அமுக்காமல் வைத்தாள். வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். வெகு நேரம் அப்படியே இருந்தாள். பிறகு விரல்கள் கட்டைவிரல் அகலம் நகர்ந்தன, மறுபடியும் நின்றன.

"நீ இப்படித்தானேம்மா வைப்ப? எனக்கு ஞாபகம் இருக்கு. எனக்கு மட்டுந்தான் தெரியும்" என்றாள் கண்ணைத் திறக்காமலே. "அப்பப்போ வச்சுப் பாக்கேன். இந்த எடத்துல நீ இன்னும் கொஞ்ச நேரம் நிப்பியோ? சரியா வச்சிருக்கனா, சொல்லு."

உலகம்மாள் முட்டி போட்டு நகர்ந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, குனிந்து பார்த்தாள். விரலை வைக்க வேண்டும், காத்திருக்க வேண்டும், சூடு வரும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். யார் கேட்டாலும் சொல்லுவாள். ஆனால் அந்தச் சூடு எப்படி இருக்கும், எவ்வளவு வந்தால் நகர வேண்டும், மகளின் விரல் கனமாக இருக்கிறதா லேசாக இருக்கிறதா, சீக்கிரம் நகர்ந்ததா தாமதமாக நகர்ந்ததா என்று எவ்வளவு உற்றுப் பார்த்தும் அவளுக்குத் தெரியவில்லை. அது அவள் தலைக்குள் எங்கேயும் இல்லை, பாடையோடு போன கைகளோடு போய்விட்டது.

"எம்மா? இப்படித்தானே?"

"ஆமா பிள்ளே, இப்படியேதான்" என்றாள் உலகம்மாள்.